கம்புக்கு மேற்கே

மார்ச் 2, 1963

கொழும்புக் கண்காட்சிக்கு அனுப்பிய படங்கள் திரும்பி வந்துவிட்டன. மூன்றும். போன வருடமும் மூன்றும்தான். ஒரு படத்தின் பின்பக்கத்தில் நடுவர் ஐயா பென்சிலால் எழுதியிருக்கிறார்: ‘அழகான இடம். ஆனால் படம் அல்ல.’

இது என்ன கதை? அழகான இடத்தை எடுத்தால் அது படமில்லாமல் பின்னே என்ன, புட்டா?

கோபம் தணிந்த பிறகு மூன்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். மனுசன் பொய் சொல்லவில்லை. மூன்றிலும் அடிவானம் சரிநடுவில் கிடக்கிறது. முன்னால் கண் பிடித்து நிற்க ஒன்றுமில்லை. எல்லாம் பள்ளிக்கூட இடைவேளையில், உச்சி வெயிலில் எடுத்தவை. கடல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கிறது. அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். கமராவையும் இருட்டறையையும் எனக்கு விட்டுப்போனார். மூஞ்சைக்கு எப்படி விளக்கு வைப்பது என்று சொல்லித் தந்தார். கடலுக்கு யார் விளக்கு வைப்பது?

தம்பி கிறிஸ்தோபர் சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னான்: "அந்தாளுக்குக் கண்ணில பூ விழுந்திட்டுது அக்கா. விட்டுத்தள்ளு." அவனுக்கு நான் எடுத்ததெல்லாம் நல்ல படம். அவன் மனைவி றோஸ் மட்டும் உண்மை பேசுவாள். "மச்சாள், உங்கட படத்தில ஒரு மனுசரும் இல்லையே, பாக்கப் பயமாக் கிடக்கு." வயிற்றுப் பிள்ளைக்காரி, எதற்கும் பயம்.

மார்ச் 5

கிண்ணியாவில் எனக்குக் கணக்குப் பாடம். ஜெஸீமாவுக்குத் தையல். பாடசாலை முடிந்து அவள் வீட்டில் பிளேன்ரீ குடித்தேன். வீடு கரையிலேயே இருக்கிறது. வாசலில் நின்றால் வடக்கே முழுக்கத் தண்ணீர். திரும்பி வந்த படங்களைக் காட்டினேன். அவளுக்கு என்னிடம் மரியாதையும் இல்லை, பயமும் இல்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது.

"ரீச்சர், நீங்க லுஹர் நேரத்துல எடுக்கிறீங்க. நெழல் காலுக்குள்ள கெடக்கு. அசருக்குப் பொறகு வாங்க. ஒங்கட நெழல் ஒங்களவிட நீளமாப் போகும். அப்ப பாருங்க இந்தத் தண்ணிய."

தொழுகைக்கு வைத்த கணக்கை நான் வெளிச்சத்துக்கு வைக்கலாம் என்று இத்தனை வருடம் தோன்றவேயில்லை. அசருக்கு, அந்தப் பின்னேரத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரமெல்லாம் நான் பாதையில் ஏறி, அந்தப் பெரிய மிதவையில் லொறிகளுக்கு நடுவில் மூக்கைப் பொத்திக்கொண்டு அக்கரை போய்க்கொண்டிருப்பேன்.

மார்ச் 8

இன்று அசருக்குப் பிறகு நின்று பார்த்தேன். எடுக்கவில்லை. பிலிம் றோல் இந்த நாளில் கிடைக்கிற சாமானா, பார்த்ததையெல்லாம் சுட? பார்த்ததோடு சரி.

வெயில் இடப்பக்கம், மேற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. ஒவ்வொரு சின்ன அலைக்கும் ஒரு வெளிச்சப் பக்கமும் ஒரு இருட்டுப் பக்கமும் இருக்கிறது. தண்ணீருக்குத் தோல் இருப்பது இன்றுதான் தெரிந்தது. அடிவானத்தை மேலே தள்ளி, தண்ணீருக்கு இடம் கொடுக்க வேண்டும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கி, கமராவை முக்காலியில் நிறுத்தி, மூச்சை அடக்கி அழுத்த வேண்டும். முன்னால் ஒன்று வேண்டும். அது கம்பு.

கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் தண்ணீருக்குள் ஒரு மரக்கம்பு நட்டிருக்கிறார்கள். கம்புக்குக் கிழக்கே ஆழம், மோட்டர் லோஞ்ச் போகும் வழி. மேற்கே ஆழமில்லை, வள்ளங்கள் கட்டுமிடம். கிண்ணியாவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கிறிஸ்தோபர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் தன் முதலாளியின் லோஞ்சைத் திருகோணமலை நகரத்திலிருந்து ஓட்டிக்கொண்டுவந்து, அந்தக் கம்புக்குக் கிழக்கால் வந்துதான் இறங்குதுறையில் அணைப்பான்.

ஒரு தொல்லை. என் கமராவை மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அதன் கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். வலப்பக்கம் போகும் காகம் கண்ணாடியில் இடப்பக்கம் போகும். பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கண்ணாடியில் அழகாகத் தெரிகிற படம் கழுவி எடுத்தபின் ஏன் செத்துக்கிடக்கிறது? புத்தகத்தில் போட்டிருக்கிறது: கண் இடப்பக்கத்தால் நுழைந்து வலப்பக்கம் போகும், பாரமான பொருள் வலப்பக்கம் இருந்தால் கண் அங்கே போய் அமரும்.

ஜெஸீமாவிடம் சொன்னேன். சிரித்தாள். "அது ஒங்கட கண். நாங்க ஓதிப் பழகினது வலப்பக்கத்துல இருந்து. எனக்கு எல்லாப் படமும் மறுபக்கத்தாலதான் தொடங்கும்."

மார்ச் 12

எழுத ஏலாது.

மார்ச் 13

எழுதாமல் இருக்கவும் ஏலாது.

நேற்றுப் பின்னேரம் நான் கரையில் நின்றேன். கம்பில் ஒரு வள்ளம் கட்டியிருந்தது. ஜெஸீமாவின் கணவர் சைனுலாப்தீனின் வள்ளம், விறகு ஏற்றியது. வள்ளத்தில் அவர் குனிந்தபடி இருந்தார். வெளிச்சம் அப்படி ஒரு வெளிச்சம் — நான் வாழ்நாளில் கண்டதில்லை. ஒரேயொரு படம் எடுத்தேன். பிறகு பையை எடுக்க ஜெஸீமா வீட்டுக்குள் போனேன். கிறிஸ்தோபரின் லோஞ்சில்தான் நான் ஊர் திரும்புவதாக இருந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்தபோது லோஞ்ச் சரிந்து நின்றது. வள்ளம் இரண்டாகப் பிளந்து விறகு கடலெல்லாம் மிதந்தது. கம்பும் முறிந்து எங்கேயோ போய்விட்டது. சைனுலாப்தீன் நீந்திக் கரையேறினார். லோஞ்சின் முன்பக்கம் நின்று வந்த தபாற்கந்தோர் உத்தியோகத்தர் குணரத்தினம் கரையேறவில்லை. கட்டைபறிச்சானில் அவருக்கு மூன்று பிள்ளைகள்.

வள்ளம் கம்புக்குக் கிழக்கே, லோஞ்ச் வழியில் நின்றது என்று முதலாளியின் ஆட்கள் சொல்கிறார்கள். மேற்கேதான் நின்றது என்று கிண்ணியா ஆட்கள் சொல்கிறார்கள். லோஞ்சில் வந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பக்கம். பொலிஸ் சைனுலாப்தீனைக் கொண்டுபோய்விட்டது.

கிறிஸ்தோபர் தூங்கவில்லை. ஒன்றும் சாப்பிடவுமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான்.

மார்ச் 14

குணரத்தினத்தை அடக்கம் செய்யும் நேரத்தில் நான் இருட்டறைக்குள் இருந்தேன். வெட்கங்கெட்டவள். என்னை நானே திட்டிக்கொண்டுதான் றோலைக் கழுவினேன். வீட்டில் நடமாட முடியவில்லை, எங்கே போவது? இருட்டறைக்குள் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நெகட்டிவ் நன்றாக வந்திருந்தது. பிரிண்ட் போட்டேன். இடப்பக்கம் வள்ளம், குனிந்த மனுசன், பிறகு கம்பு, வலப்பக்கம் வெறும் தண்ணீர். செத்த படம். கண் நுழைந்த உடனேயே வள்ளத்தில் முட்டி விழுந்துவிடுகிறது, பிறகு போக ஓரிடமும் இல்லை. ஆனால் அன்று நான் கண்டது இதில்லையே! கண்ணாடியில் நான் கண்டது வேறு!

நெகட்டிவைப் புரட்டி வைத்துப் போட்டேன். ஐயோ. வெறும் தண்ணீரால் கண் நடந்து போகிறது, கம்பைத் தொடுகிறது, வள்ளத்தில் போய்க் குந்துகிறது. இதுதான். இதைத்தான் நான் குனிந்து கண்டேன். இதைக் கொழும்பு மனுசனுக்கு அனுப்பலாம், பார்க்கட்டும் என்று — அடக்கம் நடக்கிற நேரத்தில் — நான் சந்தோசப்பட்டேன்.

முதலில் போட்டதைக் கசக்கி எறிந்துவிட்டேன். இரண்டாவதைக் கொடியில் காயப் போட்டேன்.

கிறிஸ்தோபர் வந்தான். கொடியைப் பார்த்தபடி நின்றான். நான் ஜெஸீமா வீட்டுக் கரையிலிருந்து எடுத்தது என்று அவனுக்குத் தெரியும். அங்கிருந்து கடலைப் பார்த்தால் வலக்கைப் பக்கம் கிழக்கு.

"அக்கா... வள்ளம் கம்புக்கு வலப்பக்கம் நிக்குது. கிழக்கால நிக்குது."

நான் மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தேன்.

"வெயில் நேர கண்ணுக்க அக்கா. கம்பையே நான் காணேல்லை. நான்தான் லோஞ்சைக் கம்புக்கு மேற்கால விட்டிட்டன், நான்தான் அந்த மனுசனைச் சாகடிச்சிட்டன் எண்டு ரெண்டு நாளாச் செத்துக்கொண்டிருக்கிறன். பாத்தியே? நான் பிழை விடேல்லை!"

விம்மி விம்மி அழுதான். அப்பா செத்தபோதும் இவன் இப்படி அழவில்லை. பிறகு குசினிக்குள் போய் றோஸிடம் சோறு கேட்டான். அவன் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று.

மார்ச் 15

சொல்லவில்லை. விடிய எழும்பிப் பார்க்கிறேன், கொடியில் படம் இல்லை. முதலாளியிடம் கொண்டுபோய்விட்டான்.

மார்ச் 16

முதலாளியின் வக்கீல், புரொக்டர் சோமசேகரம், வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து படத்தை மடியில் வைத்துத் தடவினார், பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி.

"மிஸ், ஆயிரம் சாட்சி வந்தாலும் நான் குறுக்குக் கேட்டுக் கிழிச்சுப்போடுவன். படத்தைக் குறுக்குக் கேக்க ஏலாது. இது நீங்கள் எடுத்ததுதானே?"

"ஓம்."

"சம்பவம் நடக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னம்?"

"ஓம்."

இரண்டும் உண்மை. அவர் மூன்றாவது கேள்வி கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? கேட்கட்டும் என்று காத்திருந்தேனா, கேட்கக்கூடாது என்று மாதாவிடம் மன்றாடினேனா — எனக்கே தெரியவில்லை.

படத்தில் குனிந்திருக்கிற ஆளைக் காட்டி, "என்ன செய்யிறான்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "தண்ணி இறைக்கிறான் போல," என்று தானே சொல்லிக்கொண்டார்.

மார்ச் 19

நான் பொய் சொல்லவில்லை. கண்ணாடியில் நான் அப்படித்தான் கண்டேன்.

மார்ச் 20

இது என்ன கதை, கிறிஸ்டின்? கண்ணாடியில் கண்டாளாம்! வெறுங்கண்ணால் எத்தனை நாள் அந்தக் கம்பைப் பார்த்தாய்? வள்ளம் எந்தப் பக்கம் நின்றது என்று உனக்குத் தெரியாதா? தெரியும். மேற்கே நின்றது. மேற்கே, மேற்கே, மேற்கே. எழுதிவிட்டேன். இனி என்ன செய்யப் போகிறாய்?

மார்ச் 26

கோட்டில் நீதவானுக்குப் படத்தைக் காட்டினார்களாம். சைனுலாப்தீனை மறுபடி மறியலுக்கு, கம்பிக்குள் அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்தோபர் ஒவ்வொரு நாளும் ஒழுங்காகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தொட்டில் செய்கிறான். அரத்தின் சத்தம் என் பல்லுக்குள் ராவுகிறது.

ஏப்ரல் 2

கொழும்புக்குப் படம் அனுப்பக் கடைசி நாள் இன்று. அனுப்பவில்லை.

ஏப்ரல் 4

ஜெஸீமா பாடசாலைக்குத் திரும்பி வந்துவிட்டாள். நான் அவளைக் கண்டு மூன்றாம் வகுப்புக்குள் ஒளித்தேன். எருமை மாதிரி வளர்ந்தவள், கரும்பலகைக்குப் பின்னால்! மணி அடித்தபின் அவளே வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ரீச்சர், கோட்டுல காட்டின படம் நீங்க எடுத்ததா?"

"ஓம்."

"அப்ப நீங்க கோட்டுல வந்து ஒரு வார்த்த சொல்லணும். அது எங்கட வள்ளமில்ல. வேற யாருடையவோ."

"ஏன் அப்பிடிச் சொல்லுறீங்க?"

"எண்ட ஊட்டுக்காரர் அசர் தொழுதுகொண்டிருந்த நேரத்துலதான் லோஞ்ச் வந்து அடிச்சது எண்டு சொல்லுறார். விறகு ஏத்தி அசர் பிந்திட்டாம், வள்ளத்தக் கட்டிப்போட்டுத் தொழுதாராம். படத்துல இருக்கிற மனிசன் கிழக்கப் பாத்துக் குனிஞ்சிருக்கான். கடலுக்குள்ள கண்ணக் கட்டி உட்டாலும் எண்ட மனிசனுக்குக் கிப்லா தெரியும், ரீச்சர். மேற்கப் பாத்துத்தான் தொழுவார். அப்ப அது அவரில்லதானே?"

அவள் குரல் இறங்கிவிட்டது.

"இல்லாட்டி அவர் தொழல்லையா? புரொக்டர் சொல்லுற மாதிரித் தண்ணிதான் எறச்சாரா? தொழுதன் எண்டு எனக்குப் பொய் சொல்லுறாரா? பொய் சொல்லுற மனிசன் இல்ல ரீச்சர். ஆனா படம் இருக்கே."

ஆனா படம் இருக்கே.

நான் என்ன சொன்னேன்? "பாப்பம்" என்றேன். பார்ப்பம்! இருபது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவனை விட்டுவிட்டு இவள் என் படத்தை நம்புகிறாள், நான் பார்ப்பம் என்கிறேன்.

ஏப்ரல் 6

நெகட்டிவை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். நகத்தளவு மனுசன். தலை மேற்கே. கைகள் முழங்காலில். நான் துளையைச் சிறிதாக்கி, மூச்சடக்கி, ஒன்றும் மங்காமல் எடுத்த படமல்லவா — கைவிரல் கூடத் தெரிகிறது. தண்ணீர் இறைக்கிற கை அது இல்லை. தொழுகிற கை.

இப்படித் துல்லியமாக எடுக்கத்தானே இவ்வளவு பாடுபட்டேன்.

ஏப்ரல் 12

பெரிய வெள்ளி. கோவிலில் பாடுகளின் வாசிப்பு. பிலாத்து கை கழுவுகிற இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. வெளியே வந்து மதிலில் சாய்ந்து நின்றேன். றோஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். "என்ன மச்சாள், உங்களுக்கு ஏதும் சுகமில்லையே?" பாவம். அவளிடம்தான் முதலில் சொல்லவேண்டும் போல் இருந்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 14

உயிர்த்த ஞாயிறு. மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, அந்தப் படம் புரட்டிப் போட்டது. வள்ளம் மேற்காலதான் நிண்டது."

அவன் விளங்காமல் சிரித்தான். நான் நெகட்டிவைக் கொண்டுவந்து, சன்னலில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினேன். சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. அது போகிற அழகை நான் பார்த்துக்கொண்டே நின்றேன், கடவுளே.

"ஏன் புரட்டினனி?"

"அப்பிடித்தான் வடிவா இருந்தது."

றோஸ்தான் முதலில் எழும்பினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "மச்சாள், ஆருக்கும் தெரியாதுதானே? உங்களுக்கு மட்டும்தானே தெரியும்? அடுப்பு எரிஞ்சுகொண்டுதான் கிடக்கு."

"றோஸ், அங்க ஒருத்தன் மறியலில கிடக்கிறான்."

"இங்க ஒருத்தன் மறியலுக்குப் போவான்! உங்கட தம்பி! என்ர பிள்ளைக்கு அப்பன்! ஆரோ ஒரு விறகுகாரனுக்காக—"

"றோஸ், வாயை மூடு," என்றான் கிறிஸ்தோபர். அதட்டவில்லை. களைத்துப்போன குரல். பிறகு என்னைப் பார்த்தான். "நீ கரையில காத்துக்கொண்டு நிப்பாய் எண்டுதான் அக்கா கெதியா ஓடி வந்தனான்."

அவன் எழும்பிப் போய், முடியாத தொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். நெகட்டிவைத் தா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. நெகட்டிவை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 16

கோடு நிறையக் கிண்ணியா ஆட்களும் எங்கள் ஆட்களும். ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் இவர்கள், நடுவில் ஒரு வழி. நான் நடுவால் நடந்து கூண்டில் ஏறி, படம் புரட்டிப் போட்டது என்று சொன்னேன்.

சோமசேகரம் துள்ளினார். "இந்தப் பெண்பிள்ளை பயந்து உளறுகிறா, நெகட்டிவையே புரட்டிப் பிடிச்சுக் காட்டலாம்தானே?" என்றார். நான் சொன்னேன்: "ஓரத்தைப் பாருங்கோ." பிலிமின் ஓரத்தில் கம்பனிக்காரன் எழுத்தும் இலக்கமும் அடித்திருப்பான். அந்த எழுத்து நேராக வாசிக்க வந்தால் படமும் நேர். நீதவான் அதைச் சன்னலுக்குப் பிடித்து வாசித்தார். பிறகு பிரிண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதை ஏன் மறுபக்கமாக அச்சிட்டீர்கள்?"

"வடிவா இருக்கும் எண்டு, ஐயா."

பின்னால் ஒருவன் சிரித்தான். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. குணரத்தினத்தின் மனைவி வெள்ளைச் சேலையில் முன்வாங்குப் பலகையில் இருந்தாள். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்த மூலையில் போய் ஒளிப்பது?

சைனுலாப்தீனை விட்டுவிட்டார்கள். வெளியே ஜெஸீமா அவருடைய கையைப் பிடித்தபடி நின்றாள். என்னிடம் வரவில்லை. அவரிடம் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைக்கிறேன். சந்தேகப்பட்டதற்கு. அதையும் நான்தான் அவளுக்குச் செய்தேன்.

கிறிஸ்தோபரை அங்கேயே பிடித்துக்கொண்டார்கள். போகும்போது மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் தந்தான்.

ஏப்ரல் 18

றோஸ் மூதூருக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். தொட்டிலையும் கொண்டுபோய்விட்டாள், முடியாத தொட்டிலை.

ஜூன் 9

ஆண் பிள்ளையாம். கடைக்காரன் சொல்லித்தான் தெரியும்.

ஜூலை 23

தீர்ப்பு. ஒரு வருட மறியல். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

செப்டெம்பர் 17

சந்தையில் இரண்டு பெண்கள் நான் கேட்கட்டும் என்றே கதைத்தார்கள்: "தம்பியை உள்ளுக்க தள்ளின படக்காரி." திரும்பி நின்று, "ஓம், நான்தான், இப்ப என்ன?" என்று கேட்டேன். வாய் மட்டும் இன்னும் சாகவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு நன்றாக அழுதேன்.

அக்டோபர் 3

ஜெஸீமா இன்று இடைவேளையில் ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கிண்ணத்தைக் கழுவி நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுங்கிண்ணமாகக் கொடுக்க ஏலாது. பயிற்றம் பணியாரம் சுடலாம்.

நவம்பர் 21

மழை. கமராவில் பூஞ்சணம் பிடிக்கப் பார்க்கிறது. துடைத்து மறுபடி அலுமாரியில் வைத்தேன்.

டிசம்பர் 15

மழைக்குள் கதவைத் தட்டிக்கொண்டு றோஸ் வந்து நிற்கிறாள். இடுப்பில் பிள்ளை. பிள்ளைக்குக் கிறிஸ்தோபருடைய அதே நெற்றி. இடக் கன்னத்தில் மிளகளவு ஒரு மச்சம்.

"உங்களோட கதைக்க வரேல்லை," என்றாள். "இவருக்குப் பிள்ளையின்ர முகம் தெரியாது. பச்சைக் குழந்தையோட அவ்வளவு தூரம் போக ஏலாது எண்டு அம்மா விடுறா இல்லை. ஒரு படம் எடுத்துத் தாங்கோ. அதுக்குத்தான் வந்தனான்."

"உள்ளுக்க வா. பிள்ளை நனையுது."

வந்தாள்.

டிசம்பர் 28

மழை விட்டது. றோஸையும் பிள்ளையையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். ஸ்டூடியோ விளக்கு வேண்டாம். என் நிழல் என்னைவிட நீளும் வரைக்கும் காத்திருந்தேன். பிள்ளை கத்தினான். றோஸ் முறைத்தாள். "இன்னும் என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" "வெளிச்சத்தை." "வந்திட்டுதுதானே, எடுங்கோவன்!"

அடிவானம் மேலே, அதற்குக் கீழே தண்ணீர். முன்னால் — முதல் தடவையாக என் படத்தின் முன்னால் — ஆட்கள். பிள்ளையின் முகம் கமராவைப் பார்த்து.

கழுவிப் பிரிண்ட் போட்டேன். கண்ணாடியில் கண்டது இன்னும் வடிவாக இருந்தது. றோஸ் மறுபக்கம் நின்றிருந்தால் கண் இன்னும் சுகமாக உள்ளே போகும். கை நெகட்டிவின் ஓரத்தைத் தொட்டது. ஓரத்து எழுத்தை ஒருமுறை வாசித்தேன். வாசித்துவிட்டுக் கையை எடுத்தேன்.

ஜனவரி 11, 1964

யாழ்ப்பாணம் போய் வந்தேன். றயிலில் காலெல்லாம் வீங்கிவிட்டது.

மறியலில் அவன் மெலிந்து கறுத்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு வாங்கு, இந்தப் பக்கம் ஒரு வாங்கு. சுகம் கேட்டேன், சுகம் என்றான். றோஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றேன், தலையாட்டினான். பிறகு படத்தைக் கொடுத்தேன். காவலாளி வாங்கிப் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினான்.

நெடுநேரம் பார்த்தான். விரலால் பிள்ளையின் நெற்றியைத் தொட்டான். பிறகு சன்னல் பக்கம் திரும்பி, படத்தைப் புரட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்பக்கத்தால் பார்த்தான்.

"மச்சம் உண்மையா எந்தக் கன்னத்தில அக்கா?"

"இடக் கன்னத்திலடா. நான் புரட்டேல்லை."

மறுபடி முன்பக்கம் திருப்பினான். கை மெல்ல எழும்பித் தன் இடக் கன்னத்தைத் தடவிப் பார்த்தது. பிறகு படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு என்ன பேர் வைத்தது என்று கேட்டான்.